மானிட்டருக்குப் பக்கத்தில் மீன் தொட்டி: அக்ரிலிக்கைத் துடைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் மேஜையைக் கவனித்துப் பாருங்கள். முதல் மாதம் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மட்டும் இருக்கும். அடுத்த மாதம் ஸ்பீக்கர் வரும். அப்புறம் பேனா ஸ்டாண்டு, பிள்ளையார் பொம்மை, ஒரு சின்னச் செடி. அதற்குப் பிறகு பல வீடுகளில் வந்து சேருவது ஒரு குட்டி மீன் தொட்டி. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் மீன் தொட்டி ஸ்கிரீன் சேவர் போட்டு ரசித்தவர்கள் ஏராளம். அந்த மீன்களுக்குச் சாப்பாடு போட வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம், தொட்டியைத் துடைக்கவும் வேண்டாம். மேஜை மீது இருக்கும் நிஜத் தொட்டிக்கு இவை எல்லாமே வேண்டும்.

மேஜைக்கென்று விற்கப்படும் சிறு தொட்டிகளில் பல, கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கேபினட்டின் பக்கவாட்டில் உள்ளே இருப்பது தெரியும்படி வைத்திருக்கும் ஜன்னலும் பல மாடல்களில் அதே அக்ரிலிக்தான். பார்ப்பதற்குக் கண்ணாடி போலவே இருப்பதால், கண்ணாடியைத் துடைப்பது போலவே இதையும் துடைக்கிறோம். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மானிட்டருக்கு என்று வாங்கிய ஸ்பிரே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொட்டி மேல் இரண்டு முறை அடித்து, பழைய பனியன் துணியால் அழுத்தித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று நினைப்பது இயல்பு. அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். சில நாட்களில் தொட்டி மங்கும். மூலைகளில் முடி போன்ற கோடுகள் தெரியும். ஸ்பிரேயின் துளிகள் தண்ணீரில் விழுந்திருந்தால், மீன்கள் அதற்கு முன்பே செத்து மிதக்கும். வேர்டில் தவறு செய்தால் அன்டூ இருக்கிறது. இங்கே அது கிடையாது.

அக்ரிலிக் தொட்டியை எப்படித் துடைப்பது, எதைத் தொடவே கூடாது, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தண்ணீரை வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்து கொள்ளுங்கள். விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். கண்ணாடி "டிங்" என்று ஒலிக்கும். அக்ரிலிக் "டொக்" என்று மந்தமாகச் சத்தம் கொடுக்கும். கையை வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும். அக்ரிலிக் அப்படிச் சில்லிடாது. ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் சாதாரணக் கண்ணாடியில் பச்சை நிறம் தெரியும். அக்ரிலிக்கின் ஓரம் நிறமில்லாமல் இருக்கும். மூலைகளும் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியின் மூலைகளில் சிலிகான் பசை வரிசையாக ஓடும். அக்ரிலிக் தொட்டியில் மூலையே வளைத்துச் செய்யப்பட்டிருக்கும், அல்லது ஒட்டிய இடமே தெரியாத அளவுக்கு இரண்டு பலகைகளும் ஒன்றாகியிருக்கும். எடையும் ஒரு அடையாளம். ஒரே அளவுள்ள பலகைகளில் அக்ரிலிக், கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு.

கேபினட்டுக்கும் இதே சோதனைதான். பக்கப் பலகையைக் கழற்றும்போது கனமாக இருந்தால் அது டெம்பர்டு கிளாஸ். லேசாக இருந்து, கொஞ்சம் வளைந்தும் கொடுத்தால் அக்ரிலிக். சந்தேகமாக இருந்தால் அக்ரிலிக் என்றே வைத்துக் கொள்ளுங்கள். அக்ரிலிக்குக்கு ஏற்ற முறையில் கண்ணாடியைத் துடைத்தால் ஒன்றும் ஆகாது. மாற்றிச் செய்தால்தான் ஆபத்து.

சில மலிவான குட்டித் தொட்டிகள் வேறு வகைப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. அவற்றுக்கும் இங்கே சொல்லப் போகும் விதிகள் பொருந்தும்.

விமானத்தில் இருந்து கண்ணுக்கு

அக்ரிலிக் 1930களில் சந்தைக்கு வந்த பொருள். ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் அமரும் அறையின் மூடி இதில்தான் செய்யப்பட்டது. அந்த மூடி உடைந்து சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போனபோது கண் அவற்றைப் பெரிய தொந்தரவில்லாமல் ஏற்றுக் கொண்டதை லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949ல் அதே பொருளில் லென்ஸ் செய்து, கண்புரை நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். நம் மதுரையில் 1992ல் தொடங்கப்பட்ட ஆரோலேப், இந்த வகை லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தயாரித்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கண்புரை ஆபரேஷன் செய்து கொண்டிருந்தால், உங்கள் மீன் தொட்டியின் உறவுக்காரப் பொருள் அவர் கண்ணுக்குள் இருக்கலாம்!

பெரிய மீன் காட்சி சாலைகளும் அக்ரிலிக்கையே நம்புகின்றன. ஜப்பானின் ஒகினாவாவில் 2002ல் திறக்கப்பட்ட சுராவுமி மீன் காட்சி சாலையில் பெரிய தொட்டியின் முன்பக்கப் பலகை 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். இவ்வளவு தடிமனுக்கு அந்தப் பக்கம் திமிங்கலச் சுறா நீந்துவது தெளிவாகத் தெரிகிறது. சாதாரணக் கண்ணாடியில் அந்தத் தடிமன் போனால் எல்லாமே பச்சையாகத் தெரியும்.

இத்தனை பெருமை இருந்தாலும் அக்ரிலிக்கிடம் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, மேற்பரப்பு மென்மையானது. இரண்டு, சில திரவங்கள் பட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். துடைப்பது பற்றிய எல்லா விதிகளும் இந்த இரண்டில் இருந்துதான் வருகின்றன.

தூசி என்பது மணல்

நம் ஊர்த் தூசியில் பாதி தெருப்புழுதி. அதில் நுண்ணிய மணல் இருக்கும். மணல் கண்ணாடியை விடவும் கடினமானது. அக்ரிலிக்கோ கண்ணாடியை விட மிகவும் மென்மையானது. ஆகவே தூசி படிந்த அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய கீறல்கள் விழும். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் வட்ட வட்டமாக வலை பின்னியது போல் தெரியும்.

உலர்ந்த துணியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலை மின்சாரம் உண்டாகும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்க்க வைப்போமே, அதே விஷயம்தான். துடைத்த ஐந்து நிமிடத்தில் அறையில் உள்ள தூசியை எல்லாம் பலகை தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். "இப்போதுதானே துடைத்தேன்!" என்று மறுபடியும் தேய்ப்பீர்கள். கீறல் கூடும்.

அதனால் முதல் விதி: தேய்ப்பதற்கு முன் தூசியைத் தண்ணீரால் நீக்க வேண்டும். தொட்டியின் வெளிப்பக்கத்துக்குச் சுத்தமான மைக்ரோபைபர் துணியை நன்றாக நனைத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். துணியை அலசி இன்னொரு முறை. பிறகு ஈரம் குறைவான இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் எதுவும் வேண்டாம். செய்தித்தாளால் கண்ணாடி ஜன்னலைத் துடைப்பது பல வீடுகளில் பழக்கம். அந்தப் பழக்கம் ஜன்னலோடு நிற்கட்டும்.

துணி கீழே விழுந்துவிட்டால் அதை அப்படியே எடுத்துத் தொடராதீர்கள். அலசிய பிறகுதான் அது மறுபடி தொட்டியைத் தொடலாம்.

ஸ்பிரே பாட்டிலை மேஜைக்குள் வையுங்கள்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் வீட்டில் என்னென்ன திரவங்கள் இருக்கும்? மானிட்டர் துடைக்கும் ஸ்பிரே, கண்ணாடி துடைக்கும் நீல நிற ஸ்பிரே, ஸ்பிரிட் என்று சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹேண்ட் சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர். அக்ரிலிக்கைப் பொறுத்தவரை இவை எல்லாமே சந்தேகக் கேசுகள். ஆல்கஹால், அம்மோனியா, அசிட்டோன், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றில் எது கலந்திருந்தாலும் அக்ரிலிக் மீது படக் கூடாது. அசிட்டோன் நேரடியாகக் கரைத்தே விடும். ஆல்கஹால் அப்படி உடனே கரைக்காது. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

நடப்பது இதுதான். அக்ரிலிக் பலகையைச் சூடாக்கி வளைக்கும்போதும், வெட்டி ஒட்டும்போதும் உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அதன் அழுத்தமும் சேர்கிறது. இறுக்கம் இருக்கும் இடத்தில் ஆல்கஹால் போன்ற திரவம் ஊடுருவினால், அங்கே முடியை விட மெல்லிய விரிசல்கள் நூற்றுக்கணக்கில் தோன்றும். மூலைகளிலும், ஒட்டிய இடங்களிலும், திருகு போட்ட துளைகளைச் சுற்றியும்தான் முதலில் வரும். இதைக் கிரேசிங் என்கிறார்கள். கீறலைத் தேய்த்து நீக்கலாம். கிரேசிங் மேற்பரப்பில் இருந்து உள்ளே இறங்கியிருப்பதால் பெரும்பாலும் நீக்க முடியாது.

மீன்களுக்கு இதைவிட மோசம். அம்மோனியா மீன்களுக்கு விஷம். தொட்டிக்கு மேலே மூடி இல்லாமல் பக்கத்து மானிட்டருக்கு ஸ்பிரே அடித்தால், காற்றில் பறக்கும் துளிகளே தண்ணீரில் விழும். ஆகவே மானிட்டரைத் துடைக்க வேண்டுமானால் தொட்டியை மூடிவிட்டு, தள்ளி நின்று துணியில் அடித்துத் துடையுங்கள். மானிட்டருக்கும் அதுதான் நல்லது. திரையில் நேரடியாக அடித்தால் திரவம் வழிந்து கீழ் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும். கொசு மருந்து, ரூம் ஸ்பிரே விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அப்படியானால் எதைப் பயன்படுத்துவது? தொட்டியின் உள்பக்கத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும். சோப்பு ஒரு சொட்டுக் கூட வேண்டாம். வெளிப்பக்கத்தில் எண்ணெய்க் கை பட்ட பிசுக்கு இருந்தால், ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். அதன் பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை. விலை ஸ்டிக்கரின் பசை போகவில்லையா? பிளேடு வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர்.

வாரம் ஒரு முறை

வாராந்திரச் சுத்தத்துக்கு இருபது நிமிடம் போதும். முதலில் மோட்டார், விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கையைச் சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். மோதிரக் கல் உள்பக்கத்தில் இழுக்கும் கோடு மறைவது கஷ்டம்.

உள்பக்கப் பாசியைத் துடைக்க, சோப்பு படாத புதிய மென்மையான ஸ்பாஞ்ச் ஒன்றைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். அதன் மேல் "மீன் தொட்டிக்கு மட்டும்" என்று எழுதி வைத்தாலும் தவறில்லை. சமையலறைக்குப் போய்விட்டால் அது திரும்பி வரக் கூடாது. மேலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள். மணல் மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலேயே நிறுத்திவிடுங்கள். அக்ரிலிக் தொட்டிகளில் ஆழமான கீறல் விழ முக்கியக் காரணம், ஸ்பாஞ்சுக்கும் பலகைக்கும் இடையில் சிக்கும் ஒரே ஒரு மணல் துகள்தான். அடியில் உள்ள பாசி கண்ணை உறுத்தினால், மணலை விரலால் உள்பக்கம் ஒதுக்கிவிட்டுத் துடையுங்கள்.

காந்தத்தால் ஒட்டி இழுக்கும் மேக்னட் கிளீனர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் கண்ணாடிக்கு என்று வருபவை சொரசொரப்பானவை. அக்ரிலிக்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். அதையும் இரவு முழுவதும் தொட்டியிலேயே ஒட்டி வைக்காதீர்கள். இடையில் மணல் சேரும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நாலில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும். முழுவதையும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மீன் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் போய்விடும். பில்டர் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாக உப்புப் படியும். இதைச் சுரண்ட ஆசை வரும். சுரண்டாதீர்கள். தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்துவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உப்பின் மேல் கால் மணி நேரம் ஒட்டி வையுங்கள். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். உப்பு இளகியதும் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும். தண்ணீருக்குள் வினிகர் சொட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கடைசியில் வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து எடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தொட்டி மங்கினால் பணம்தான் போகும். இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து.

கேபினட்டின் தலை மேல் தொட்டியை வைக்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் டேபிள் மீதும் பெரிய தொட்டி வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் தொட்டி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசியின் எடைக்கு வந்துவிடும். நம் கம்ப்யூட்டர் டேபிள்கள் பெரும்பாலும் மரத்தூள் அட்டையால் ஆனவை. ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும். ஐந்து லிட்டருக்குள் உள்ள தொட்டி என்றால் சரி. அதற்கு மேல் என்றால் தனி ஸ்டாண்டு. அக்ரிலிக் தொட்டியின் அடிப்பலகை முழுவதும் சமதளத்தில் படிய வேண்டும். ஒரு ஓரம் வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், அந்த இடத்தில் இறுக்கம் ஏறி விரிசலுக்கு வழி பிறக்கும்.

கேபினட்டுக்கும் தொட்டிக்கும் இடையே மூன்று அடியாவது இருக்கட்டும். காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. கேபினட் பேன் அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது. துளி காய்ந்தால் உப்பு மதர்போர்டில் தங்கும்.

ஒயரைச் சுவர் பிளக்குக்கு நேராக இழுத்துக் கட்டாதீர்கள். தொட்டியில் இருந்து வரும் ஒயர், பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி, ஒரு வளைவு எடுத்து, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தரையில் கிடக்கும் ஸ்பைக் பஸ்டரில் கம்ப்யூட்டரோடு சேர்த்து மீன் மோட்டாரையும் செருகுவது நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி. தண்ணீர் கொட்டினால் முதலில் போய்ச் சேரும் இடம் தரைதான். மோட்டாருக்குத் தனிச் சுவர் பாயின்ட் கொடுங்கள். வீட்டு மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் இஎல்சிபி அல்லது ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால், தொட்டி வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள்.

மின்தடை அதிகம் உள்ள ஊர்களுக்கு இன்னொரு விஷயம். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரன்ட் போனதும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வடிய ஆரம்பிக்கலாம். நீங்கள் தூங்கும் நேரத்தில் பம்புக்குள்ளும், அங்கிருந்து மேஜைக்கும் போகும். குழாயின் நடுவே பொருத்தும் சிறிய நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று இதைத் தடுத்துவிடும். மீன் கடைகளில் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

யுஎஸ்பியில் ஓடும் குட்டித் தொட்டிகள் பற்றி நம் வாசகர்களுக்குக் கேள்வி இருக்கும். பம்பும் விளக்கும் 5 வோல்ட்டில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டாம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர் வரைதான். பல கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் செய்ததும் போர்ட்டில் கரன்ட் நின்றுவிடும். மீன்களுக்குக் காற்றும் நின்றுவிடும். ஒயர் வழியே தண்ணீர் போர்ட்டுக்கு வந்தால் மதர்போர்டுக்கே செலவு வைக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மொபைல் சார்ஜர் இந்த வேலைக்குப் போதும்.

கேபினட் ஜன்னல்

கேபினட்டின் அக்ரிலிக் ஜன்னலுக்கும் அதே விதிகள். ஆனால் பலகை கேபினட்டில் மாட்டியிருக்கும்போது ஈரத்துணியைக் கொண்டு போகாதீர்கள். ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, பலகையைத் தனியே எடுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டித் தூசியை ஓட விடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விரல்களால் தடவி, நன்றாக அலசி, டவல் மேல் படுக்க வைத்து ஒற்றி எடுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை கையால் தொடுங்கள். உடம்பில் நிலை மின்சாரம் இருந்தால் இறங்கிவிடும். திருகுகளைக் கையால் திருகி நிறுத்தினால் போதும். ஸ்குரூ டிரைவரால் இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் ஆரம்பிக்கும்.

தொட்டிக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பியூஜெட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2007ல் மதர்போர்டு முதலியவற்றை மீன் தொட்டியில் வைத்து, மினரல் ஆயிலை ஊற்றி ஓட்டிக் காட்டியது. மினரல் ஆயிலில் மின்சாரம் பாயாது. படிக்கச் சுவையான செய்தி. உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் முயல வேண்டாம்!

கீறல் விழுந்துவிட்டால்

விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டவில்லையென்றால் மேலோட்டமான கீறல். அக்ரிலிக் பாலிஷ் அல்லது பிளாஸ்டிக் பாலிஷ் என்று கேட்டு வாங்கி, வெளிப்பக்கத்தில் மட்டும், மென்மையான துணியால் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் மறையும். நகம் தட்டினால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் தேவை. ஆழத்தைப் பொறுத்து 800 அல்லது 1000 எண்ணில் ஆரம்பித்து, 1500, பிறகு 2000 என்று ஏறுங்கள். பேப்பரும் பலகையும் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். முதல் பேப்பரை இடவலமாகத் தேய்த்தால் அடுத்ததை மேல்கீழாகத் தேயுங்கள். பழைய கோடுகள் போய்விட்டனவா என்று அப்போதுதான் தெரியும். நடுவில் பலகை பனி படர்ந்தது போல் வெளுத்துவிடும். பயப்பட வேண்டாம், கடைசியில் பாலிஷ் போட்டதும் தெளிந்துவிடும். டிரில் மெஷினில் பப்பிங் சக்கரம் மாட்டி வேகமாக முடிக்க நினைக்காதீர்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும். உராயும் சூடு அதற்குப் போதும்.

உள்பக்கக் கீறலுக்கு அவசரம் வேண்டாம். தண்ணீர் ஊற்றியதும் அது பாதிக்கு மேல் மறைந்துவிடும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1. கீறலுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பும்போது வித்தியாசம் குறைவதால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. காலித் தொட்டியில் பார்த்துக் கவலைப்பட்ட கோடு, நிரப்பிய பிறகு காணாமல் போவது இதனால்தான்.

கிரேசிங் அப்படி இல்லை. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மூலைகளைப் பாருங்கள். நகத்துக்குத் தட்டாமல், வெள்ளி நூல் போல மின்னும் கோடுகள் கூட்டமாகத் தெரிந்தால் அது கிரேசிங். மொபைல் கேமராவில் மாதம் ஒரு முறை நாலு மூலைகளையும் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் தேதியோடு சேமித்து வையுங்கள். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தால் கோடுகள் நீளுகின்றனவா என்று தெரிந்துவிடும். தண்ணீர் மாற்ற வேண்டிய நாளை நினைவூட்ட, மொபைல் அல்லது கம்ப்யூட்டர் காலண்டரில் வாராவாரம் வரும்படி ஒரு ரிமைண்டர் போட்டுக் கொள்ளலாம்.

பெரிய தொட்டிகளும் தப்புவதில்லை. பெர்லின் நகரில் ஒரு ஹோட்டலின் நடுவே நின்ற அக்வாடோம் என்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்தது. 2003ல் திறக்கப்பட்ட தொட்டி அது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் தெருவரை பாய்ந்தது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. அதிகாலை என்பதால் மனித உயிர் போகவில்லை, இருவருக்குக் காயம். அதற்கு முன்பு தண்ணீரை வடித்து அந்தத் தொட்டியைப் புதுப்பித்திருந்தார்கள். ஒட்டிய இணைப்பு விட்டதா, அடிப்பகுதியில் ஏற்பட்ட ஒரு வெட்டுக் காயமா, காலியாக நின்ற நாட்களில் அக்ரிலிக் காய்ந்ததா என்று மூன்று காரணங்களை ஆராய்ந்த நிபுணர் குழு, எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. அக்ரிலிக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கொள்ளும் பொருள். காயும்போது சுருங்கும், இறுக்கம் மாறும்.

ஐந்து லிட்டர் தொட்டி அப்படி வெடிக்கப் போவதில்லை. ஆனால் ஒட்டிய இடத்தில் கிரேசிங் தெரிந்தால், அல்லது மூலையில் ஈரம் கசிந்தால், பசை பூசிச் சமாளிக்காமல் மீன்களை வாளித் தண்ணீருக்கு மாற்றிவிட்டு வேறு தொட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். பழைய தொட்டியைக் கழுவிக் காய வைத்தால், மேஜையில் சிதறிக் கிடக்கும் யுஎஸ்பி கேபிள்கள், பென் டிரைவ்கள், பழைய சிடிக்கள் எல்லாவற்றையும் போட்டு வைக்கச் சரியாக இருக்கும்.